வகுப்புக்கு ஒரு வலைப்பூ: உயர்கல்வி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாடத்தில் வலைப்பூவைச் சேர்த்த பல வகுப்புகளில் மூன்றாம் வாரத்துக்குள் ஒரே நிலைமை வந்துவிடுகிறது. பதிவுகள் ஏறியிருக்கும், பின்னூட்டப் பகுதி வெறுமையாக இருக்கும். தாளில் எழுதிக் கொடுத்த அசைன்மென்டை மாணவர்கள் இப்போது இணையத்தில் ஏற்றுகிறார்கள். முன்பு போலவே ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார். அந்த நிலையில் வலைப்பூ கூடுதல் வேலையே தவிர, கற்றலுக்கு அதனால் பயன் இல்லை.

இது பலன் தர இரண்டு நிபந்தனைகள் உண்டு. மாணவர் எழுதுவதை இன்னொரு மாணவர் கட்டாயம் படித்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு வகுப்பறைக்குள் திரும்பி வர வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் உறுதி செய்வதற்காகவே. 15 வார செமஸ்டர், 40 மாணவர், வாரந்தோறும் வியாழக்கிழமை வகுப்பு என்று கணக்குக்கு வைத்துக்கொண்டு விளக்குகிறோம். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மாணவர்களின் எழுத்துத் திறனை வளர்க்க" என்று எழுதினால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. "வாசித்த கட்டுரையின் வாதத்தை வேறொரு சூழலில் பொருத்திப் பார்த்து, அது எங்கே பொருந்தவில்லை என்று சொல்லப் பழக" என்று எழுதினால் கேள்வி, நீளம், மதிப்பெண் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கும்.

வலைப்பூ பொருந்தாத இடங்களும் உண்டு. கணக்குப் பயிற்சி போல ஒரே சரியான விடை உள்ள வேலைக்கு இது வேண்டாம். முதலில் பதிவிட்டவரின் விடையை மற்றவர்கள் பார்த்து எழுதிவிடுவார்கள். மருத்துவமனைப் பயிற்சி, ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்), பள்ளிக் களப்பணி ஆகியவற்றில் நோயாளியோ குழந்தையோ அடையாளம் தெரியக்கூடிய குறிப்புகள் வரும். அவற்றுக்கு ஆசிரியரும் மாணவரும் மட்டும் பார்க்கும் மூடிய குறிப்பேடு போதும்.

படி 2: மூன்று அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதலாவது, வகுப்புக்கு ஒரே வலைப்பூ, எல்லா மாணவரும் அதில் எழுதுவோர். எல்லாம் ஒரே முகப்பில் வருவதால் படிப்பது எளிது. இரண்டாவது, ஆளுக்கொரு வலைப்பூ. எழுத்தின் மேல் உரிமை உணர்வு கூடும், ஆனால் 40 முகவரிகளை யாரும் தேடிப்போய்ப் படிக்க மாட்டார்கள். மூன்றாவது, ஆளுக்கொரு வலைப்பூவும் அவற்றின் ஆர்எஸ்எஸ் ஓடைகளை, அதாவது புதிய பதிவுகளைத் தானாக வெளியே அனுப்பும் வசதியை, திரட்டிக் காட்டும் ஒரு மையப் பக்கமும். அமெரிக்காவின் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் நடந்த டிஎஸ்106 என்ற டிஜிட்டல் கதைசொல்லல் பாடம் இந்த முறைக்குப் பெயர் பெற்றது. மாணவர்கள் தங்கள் சொந்தத் தளத்தில் எழுத, பாடத்தின் தளம் அவற்றை இழுத்துத் தொகுத்துக் காட்டியது.

முதல் முறை செய்பவருக்கு எங்கள் பரிந்துரை ஒரே வலைப்பூதான். மூன்றாவது அமைப்பு அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடை அறுந்துபோவது, குறிச்சொல் (பதிவில் இடும் டேக்) தவறுவது போன்ற சில்லறைச் சிக்கல்களைத் தீர்க்க ஒரு தொழில்நுட்ப உதவியாளர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

படி 3: தளத்தை அமையுங்கள்

கல்லூரியே வேர்ட்பிரஸ் (வலைப்பூ நடத்த உதவும் மென்பொருள்) தளம் தருமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தரவு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும், விளம்பரமும் வராது. இல்லையென்றால் வேர்ட்பிரஸ், பிளாகர், எடுபிளாக்ஸ் மூன்றில் ஒன்று போதும். பிளாகரில் ஒரு வலைப்பூவுக்கு 100 பேர் வரைதான் உறுப்பினராக முடியும் என்பதைப் பெரிய வகுப்புகள் கவனிக்க வேண்டும்.

வேர்ட்பிரஸில் மாணவருக்கு எந்தப் பொறுப்புநிலை கொடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "கான்ட்ரிபியூட்டர்" நிலை பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் உள்ளவர் படம் ஏற்ற முடியாது, தானே வெளியிட முடியாது, வெளியான பிறகு தன் பதிவைத் திருத்தவும் முடியாது. ஒவ்வொரு பதிவும் உங்கள் அனுமதிக்குக் காத்துக் கிடக்கும். "எடிட்டர்" நிலை கொடுத்தால் ஒருவர் மற்றவரின் பதிவை மாற்றவும் அழிக்கவும் முடியும். நடுவில் உள்ள "ஆத்தர்" நிலைதான் மாணவருக்குச் சரி. தன் பதிவைத் தானே வெளியிடலாம், திருத்தலாம், படம் ஏற்றலாம். மற்றவர் பதிவில் கை வைக்க முடியாது.

அடுத்தது பின்னூட்ட அமைப்பு. ஒரு பின்னூட்டத்தில் இரண்டோ அதற்கு மேலோ சுட்டிகள் (லிங்க்) இருந்தால் வேர்ட்பிரஸ் அதை இயல்பாகவே நிறுத்தி வைக்கும். ஏற்கெனவே ஒரு பின்னூட்டமாவது ஏற்கப்படாத புதியவரின் பின்னூட்டமும் அப்படியே வரிசையில் நிற்கும். இது எரிதத்தை (ஸ்பேம்) தடுக்க வைத்த ஏற்பாடு. வகுப்பில் இதன் விளைவு வேறு: அக்கறையோடு மூன்று சான்றுகளைச் சுட்டிக் காட்டி எழுதிய மாணவரின் பின்னூட்டம்தான் மறைந்துபோகும். அவர் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி எழுதுவார், அல்லது விட்டுவிடுவார். டிஸ்கஷன் அமைப்பில் சுட்டி எண்ணிக்கையை 5 ஆக உயர்த்துங்கள். பதிவு செய்து உள்நுழைந்தவர் மட்டுமே பின்னூட்டம் இடலாம் என்று வையுங்கள். முதல் வாரம் முழுவதும் நிலுவை வரிசையைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.

வகைகளை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள்: "வாரம் 03", "வாரம் 04" என்று வாரத்துக்கு ஒன்று. மாணவர் விருப்பத்துக்கு விட்டால் ஒரே வாரத்துக்கு ஆறு பெயர் வரும். குறிச்சொற்களை மட்டும் அவர்களிடம் விடலாம். அதில் ஒழுங்கு குலைந்தாலும் பெரிய கேடு இல்லை.

படி 4: யார் பார்க்கலாம் என்பதை முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் அமைப்பை இயக்கினால் தளம் பூட்டப்பட்டுவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது ஒரு வேண்டுகோள் மட்டும்தான். முகவரி தெரிந்த எவரும் உள்ளே வரலாம். உண்மையாகவே மூட வேண்டுமென்றால் உள்நுழைந்தவருக்கு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். பிளாகரில் வாசகர் பட்டியலை மின்னஞ்சல் வழியாக வரையறுக்கலாம்.

எங்கள் கருத்தில், முதல் நான்கு வாரம் மூடி வைத்து, பிறகு வகுப்பின் சம்மதத்தோடு திறப்பது நல்லது. வெளியாள் படிக்கிறார் என்ற உணர்வு எழுத்தைச் செதுக்கும். ஆனால் தடுமாறுவதற்கும் ஓர் இடம் வேண்டும். திறக்கும்போதும் எவரையும் உண்மைப் பெயரில் எழுதும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. புனைபெயரோ முதலெழுத்தோ போதும். யார் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்ற பட்டியல் உங்களிடம் மட்டும், தளத்துக்கு வெளியே இருக்கட்டும். குடும்பச் சூழலாலோ அரசியல் காரணத்தாலோ பாதுகாப்புக்காகவோ வெளியில் தெரியக் கூடாத மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கலாம். காரணம் கேட்காமல் மாற்று வழி கொடுங்கள்.

மதிப்பெண், தேர்ச்சி பற்றிய எதையும் பின்னூட்டத்தில் எழுதாதீர்கள். அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டமும், 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும் மாணவர் தகவலை வெளியிடுவதற்குக் கடுமையான வரம்பு வைத்துள்ளன. சட்டம் எப்படியிருந்தாலும், பொதுவில் மதிப்பெண் போடுவது எழுதுகிறவரின் துணிவைக் கெடுத்துவிடும்.

படி 5: சுழற்சி அட்டவணை

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். 40 பேர் வாரத்துக்கு 400 சொல் எழுதினால் 16,000 சொல். ஆசிரியரும் படிக்க முடியாது, மாணவரும் படிக்க மாட்டார்கள். அதனால் எல்லாரும் எல்லா வாரமும் எழுதக் கூடாது.

வகுப்பைப் பத்துப் பத்துப் பேராக நான்கு குழுவாகப் பிரியுங்கள். முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கு, கடைசி வாரம் தொகுப்புக்கு. நடுவில் உள்ள 12 வாரத்தில் நான்கு பொறுப்புகள் சுழலும்:

- எழுதுவோர்: 350 முதல் 500 சொல்லில் ஒரு பதிவு.
- பதில் சொல்வோர்: ஆளுக்கு இரண்டு பின்னூட்டம், ஒவ்வொன்றும் 75 முதல் 120 சொல்.
- தேடுவோர்: ஒரு பதிவுக்குத் தொடர்பான ஒரு வெளி ஆதாரத்தைக் கண்டுபிடித்து, அது அந்தப் பதிவின் வாதத்தை எப்படி வலுப்படுத்துகிறது அல்லது உடைக்கிறது என்று சில வரிகள்.
- நான்காம் குழுவுக்கு அந்த வாரம் ஓய்வு. வாசிப்பு மட்டும்.

12 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொறுப்பும் மூன்று முறை வரும். உங்களுக்கு வாரத்துக்குப் பத்துப் பதிவு, ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 50 நிமிடம். இருபது பின்னூட்டமும் பத்துத் தேடல் குறிப்பும் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 30 நிமிடம். மொத்தம் 80 நிமிடம். இது செமஸ்டர் முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடிய சுமை. ஓய்வு வாரம் வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். ஆறாம் வாரச் சோர்வைத் தாண்ட அதுதான் உதவுகிறது.

யார் யாருக்குப் பதில் சொல்வது என்பதையும் நீங்களே வகுத்துவிடுங்கள். எழுதுவோருக்கும் பதில் சொல்வோருக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுங்கள். பதில் சொல்வோரில் 4ஆம் எண்காரர் 4, 5ஆம் பதிவுகளுக்கு எழுதுவார். 10ஆம் எண்காரர் 10, 1ஆம் பதிவுகளுக்கு. இப்படி வைத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் சரியாக இரண்டு பின்னூட்டம் வரும். விருப்பத்துக்கு விட்டால் வகுப்பில் பலருக்குப் பிடித்தவரின் பதிவில் எட்டுப் பேர் கூடுவார்கள், ஒதுங்கி இருப்பவரின் பதிவு யாரும் தொடாமல் கிடக்கும். அந்த மாணவர் அடுத்த முறை மனம் வைத்து எழுத மாட்டார்.

நேரக் கெடு: பதிவு ஞாயிறு இரவு 9 மணி, பின்னூட்டமும் தேடல் குறிப்பும் செவ்வாய் இரவு 9 மணி, எழுதியவரின் மறுமொழி புதன் இரவு 9 மணி, வியாழன் வகுப்பு. நள்ளிரவு 12 என்று வைத்தால் கடவுச்சொல் மறந்தவருக்கு உதவ அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

வகுப்பில் 120 பேர் இருந்தால் மூவருக்கு ஒரு அணி என்று வைத்து, அணியை ஒரு ஆளாகக் கணக்கிடுங்கள். இதே அட்டவணை அப்படியே பொருந்தும்.

படி 6: கேள்வியை வடிவமைத்தல்

"இந்த வாரப் பாடம் குறித்து உங்கள் கருத்து" என்று கேட்டால் பாடச்சுருக்கம்தான் வரும். "இந்தக் கோட்பாட்டை விளக்குக" என்றால் பத்துப் பேரும் ஒரே பதிவை எழுதுவார்கள், பின்னூட்டம் இட அதில் எதுவும் இருக்காது. பத்துப் பேர் எழுதினால் பத்து வேறு விடை வர வேண்டும். அதுதான் கேள்விக்கான சோதனை.

புள்ளியியலில்: அண்மையில் வந்த ஒரு செய்தியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுங்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா? எந்த எண்ணைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்? காட்டியிருந்தால் உங்கள் முடிவு மாறுமா? வேதியியல் ஆய்வகத்தில்: உங்கள் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) விடை எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது? சாத்தியமான மூன்று காரணங்களை வரிசைப்படுத்தி, முதல் காரணத்தைச் சோதிக்க என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். சட்டத்தில்: மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதியின் வாதத்தில் மிக வலுவான ஒரு பத்தியைத் தேர்ந்து, அதற்குப் பெரும்பான்மைத் தரப்பு தராத பதிலை நீங்கள் தாருங்கள். இலக்கியத்தில்: ஒரே ஒரு வரி, அந்த வரியில் உங்களுக்குப் பிடிபடாத ஒன்று.

"எனக்கு எங்கே புரியவில்லை" என்பதைத் துல்லியமாக எழுதச் சொல்லும் கேள்வி குறைந்தது ஒருமுறையாவது வரட்டும். எந்த இடத்தில் வகுப்பு நடத்தியது போதவில்லை என்பதை வேறெந்தத் தேர்வும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

படி 7: முதல் இரண்டு வாரம்

இன்றைய மாணவருக்கு இணையம் பழக்கம், எனவே சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் தவறு. வகுப்பிலேயே 50 நிமிடம் ஒதுக்கி, எல்லாரையும் மதிப்பெண் இல்லாத 100 சொல் பதிவு ஒன்றை ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஒரு பதிவில் இவை எல்லாம் இருக்க வேண்டும்: தலைப்பு, சரியான வாரவகை, வேலை செய்யும் ஒரு சுட்டி, மாற்றுரையுடன் (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைச் சொல்லில் விளக்கும் குறிப்பு) ஒரு படம்.

வேர்ட் கோப்பிலிருந்து அப்படியே ஒட்டினால் எழுத்தளவும் வரி இடைவெளியும் குலையும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வடிவமைப்பு இல்லாமல் உரை மட்டும் ஒட்டும். கைபேசியில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றினால் மெதுவான இணைப்பிலும் பக்கம் திறக்கும். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் சேர்ந்திருக்கலாம் என்பதால், ஏற்றும் முன் அதை நீக்கக் கற்றுக்கொடுங்கள்.

சுட்டியை "இங்கே அழுத்தவும்" என்பதில் வைக்காமல், எதற்கான சுட்டியோ அந்தச் சொல்லிலேயே வைக்கச் சொல்லுங்கள். திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) வழியாகப் படிக்கும் மாணவருக்கு "இங்கே" என்று பத்து முறை கேட்டால் ஒன்றும் விளங்காது. பிறர் படத்தைப் பயன்படுத்தினால் தலைப்பு, உருவாக்கியவர், படம் கிடைத்த தளம், உரிமம் நான்கையும் படத்துக்குக் கீழே குறிப்பிட வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் உரிமம்) உள்ள படங்களைத் தேடும் வழியை அன்றே காட்டிவிடுங்கள்.

படி 8: பின்னூட்டம் எழுதக் கற்றுக்கொடுங்கள்

"அருமையான பதிவு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்பது சோம்பலால் வருவதில்லை. சக மாணவரை மறுத்துப் பேசுவது எப்படி என்று யாரும் சொல்லித்தராததால் வருகிறது. மூன்று பகுதி கொண்ட எளிய அமைப்பு போதும். பதிவிலிருந்து ஒரு வரியை மேற்கோள் காட்டுங்கள். அந்த வரிக்கு ஒரு சான்று சேருங்கள், அல்லது அது பொருந்தாத ஒரு நிலையைச் சொல்லுங்கள். எழுதியவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு முடியுங்கள். இரண்டாம் வாரத்தில் நீங்கள் எழுதிய மாதிரிப் பதிவு ஒன்றைக் கொடுத்து, எல்லாரையும் அதற்குப் பின்னூட்டம் இடச் சொல்லுங்கள். ஆசிரியரின் எழுத்தை மறுக்கலாம் என்ற அனுமதி அங்கே கிடைக்கிறது.

நீங்கள் முதல் ஆளாகப் பின்னூட்டம் இடாதீர்கள். ஆசிரியர் சொன்ன பிறகு அதுவே முடிவு என்று பேச்சு நின்றுவிடும். செவ்வாய்க் கெடு முடிந்த பிறகு, இரண்டு மூன்று பதிவுகளில் மட்டும், முடிந்தவரை கேள்வியாக எழுதுங்கள்.

படி 9: வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள்

வியாழன் வகுப்பின் முதல் 10 நிமிடம் இதற்கு. ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு வரிகளை வெவ்வேறு பதிவிலிருந்து எடுத்துத் திரையில் போடுங்கள். எழுதியவர்கள் விளக்கட்டும், மற்றவர்கள் பக்கம் எடுக்கட்டும். எந்தப் பதிவை எடுத்தீர்கள் என்று ஒரு குறிப்பு வைத்திருந்தால், செமஸ்டருக்குள் முடிந்தவரை பலரின் வரியும் திரைக்கு வந்துவிடும். இந்தப் பத்து நிமிடத்தை இரண்டு வாரம் தவறவிட்டால் பதிவுகளின் தரம் இறங்குவது கண்கூடாகத் தெரியும்.

படி 10: மதிப்பெண்

மொத்த மதிப்பெண்ணில் 5 விழுக்காடு கொடுத்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 50 கொடுத்தால் பயந்து பாடநூல் நடையில் எழுதுவார்கள். 25 நல்ல அளவு: மூன்று பதிவுக்கு நான்கு வீதம் 12, பின்னூட்ட வாரத்துக்கு இரண்டு வீதம் 6, தேடலுக்கு ஒன்று வீதம் 3, கடைசித் தொகுப்புக்கு 4.

பதிவுக்குப் பத்து அளவுகோல் உள்ள அட்டவணை வேண்டாம். ஒரே அளவு போதும். 4: குறிப்பான சான்றிலிருந்து தன் வாதத்தை எழுப்பி, அதன் எல்லையையும் சொல்கிறது. 3: வாதம் உண்டு, சான்று மெலிவு. 2: சரியான சுருக்கம், சொந்தச் சிந்தனை இல்லை. 1: மேலோட்டம். 0: வரவில்லை. எழுத்துப்பிழைக்குக் குறைக்காதீர்கள், தொகுப்பின்போது திருத்தட்டும். முதல் சுற்று முடிந்ததும் தனித்தனியே இரண்டு வரி விளக்கம் அனுப்புங்கள். முதல் பதிவுக்குப் பெரும்பாலும் 2 தான் வரும், ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்தது 3 ஆகும்.

15ஆம் வாரத் தொகுப்பில் மாணவர் தன் மூன்று பதிவில் ஒன்றைத் தேர்ந்து, பின்னூட்டங்களைக் கணக்கில் எடுத்துத் திருத்தி எழுதி, எதை ஏன் மாற்றினேன் என்று 200 சொல்லில் சேர்க்க வேண்டும்.

எங்கே சறுக்கும்

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய பதிவு இப்போது எல்லா வகுப்பிலும் உள்ள கேள்வி. கண்டறியும் மென்பொருளை நம்பிக் குற்றம் சாட்டாதீர்கள். தானே எழுதியவரையும் அவை பிழையாகச் சுட்டுகின்றன. கேள்வியைக் கடந்த வகுப்பின் விவாதத்தோடும் மாணவர் தானே எடுத்த தரவோடும் கட்டுங்கள். தளத்தின் எழுதும் பக்கத்திலேயே வரைவு எழுதச் சொன்னால் வேர்ட்பிரஸ் முந்தைய வடிவங்களைச் சேமித்து வைக்கும். எழுத்து வளர்ந்த வழி தெரியும். வகுப்பில் தன் வரியை விளக்க வேண்டியிருப்பதே பெரிய தடுப்பு.

புண்படுத்தும் பின்னூட்டம் வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். திரைப்பிடிப்பு எடுத்து, பின்னூட்டத்தை நிலுவைக்கு மாற்றி, 24 மணி நேரத்துக்குள் இருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். அழித்துவிட்டால் பிறகு என்ன நடந்தது என்பதற்கே சான்று இருக்காது.

கைபேசி மட்டும் வைத்திருக்கும் மாணவர்களை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கைபேசியில் நீண்ட பதிவு எழுதும்போது இணைப்பு துண்டித்தால் எழுதியது போய்விடலாம். குறிப்புச் செயலியில் எழுதிவிட்டு ஒட்டுவது பாதுகாப்பு.

ஏழாம் வாரத்தில் பெயரில்லாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பின்னூட்டம் உங்கள் எண்ணத்தை மாற்றியது, எந்தப் பொறுப்பு வீணாகத் தோன்றுகிறது, கெடு நேரம் சரியா. வரும் பதிலில் குறைந்தது ஒன்றையாவது அடுத்த வாரமே நடைமுறைப்படுத்துங்கள்.

முடிந்த பிறகு: காப்பகம்

பதிவுகளின் உரிமை எழுதிய மாணவருடையது. அடுத்த ஆண்டு மாதிரியாகக் காட்ட விரும்பினால், மதிப்பெண் வெளியான பிறகு எழுத்து வழியாகச் சம்மதம் கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் மறுக்க முடியாத நிலையில் அவர்கள் இருப்பார்கள். சம்மதிக்காதவரின் பதிவை நீக்கும் முன் அவருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

வேர்ட்பிரஸின் ஏற்றுமதி வசதி எல்லாப் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும். ஆனால் அந்தக் கோப்புக்குள் படங்கள் இருக்காது, அவை இருக்கும் முகவரி மட்டுமே இருக்கும். புதிய தளத்தில் ஏற்றும்போது பழைய தளத்திலிருந்துதான் படங்கள் இழுக்கப்படும். எனவே புதிய இடத்தில் ஒவ்வொரு படமும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய தளத்தை மூடுங்கள்.